சமையல் மேடையின் ஓரம்

கல் பார்க்கப் போகிறவர்கள் பலகையின் முகத்தைப் பார்ப்பார்கள். நிறம் பிடித்திருக்கிறதா, பளபளப்பு போதுமா, மேலே ஒட்டப்போகும் டைல்ஸுக்குப் பொருந்துமா என்று பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு ஒரு சமையலறை பிடிபடுவது மேடைக் கல்லின் முன் ஓரத்தைத் தடவும்போதுதான். சமைக்கிறவரின் வயிறும் முன்னங்கையும் நாள் முழுக்க உரசும் இடம் அது. தண்ணீர் வழிந்து கீழே இறங்கும் இடமும் அதுவே. அங்கே கவனம் வைத்த வீட்டில் மற்ற இடங்களிலும் கவனம் இருக்கும்.

மாட்டுப்பட்டியில் என் அத்தை வீட்டு மேடைக்கு அப்படியொரு ஓரம் வாய்த்திருக்கிறது. கல்லின் கனம் 18 மில்லிமீட்டர். மேல் முனையை மட்டும் மெல்ல உருட்டியிருக்கிறார்கள்; சேலை சிக்காது, சாய்ந்து நின்றால் அழுத்தாது. கீழ் முனையை உருட்டவில்லை. கூர் போகும் அளவுக்கு உப்புத்தாள் போட்டதோடு நிறுத்திவிட்டார்கள். கடைகளில் பெருமையாகக் காட்டும் முழு உருட்டு விளிம்பு மேலும் கீழும் ஒரே வளைவாக இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் தண்ணீர் அந்த வளைவைப் பிடித்துக்கொண்டே அடிப்பக்கம் போய் அலமாரிக் கதவில் இறங்கும். ஒரு மழைக்காலம் போதும், கதவின் மேல் விளிம்பு ஊறி உப்பிவிடும். கீழ் முனை நறுக்கென்று நின்றால் சொட்டு அங்கேயே அறுந்து தரையில் விழுகிறது. அதற்கும் தப்பி வரும் ஈரத்துக்காக, ஓரத்திலிருந்து ஒரு விரல் உள்ளே தள்ளி, கல்லின் அடியில் நீளவாக்கில் ஒரு மெல்லிய காடி. சன்ஷேடின் அடியில் கொத்தனார் விடும் காடியும் இதே கணக்குதான். குனிந்து விரலை விட்டுப் பார்த்தால் ஒழிய அது இருப்பதே தெரியாது. அத்தை என் கையைப் பிடித்து அடியில் வைத்து, “தொட்டுப் பாரு” என்றார். கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலையை இப்படிக் கையால் காட்டிப் பெருமைப்படும் வீட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

மூணாறிலிருந்து 13 கிலோமீட்டரில் இருக்கும் மாட்டுப்பட்டியை வெளியூர்க்காரர்கள் அணைக்காக அறிவார்கள். பள்ளிவாசல் மின்திட்டத்துக்கு நீர் சேர்க்க 1950-களில் கட்டி முடித்த அணை, அதில் படகுத்துறை, 1963-இல் இந்திய–சுவிஸ் கூட்டுத் திட்டமாகத் தொடங்கிய கால்நடைப் பண்ணை. அங்கே தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கோ மாட்டுப்பட்டி என்றால் தேயிலையும் லயமும். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, கம்பெனியுடையது. அடுப்பு எந்த மூலையில், எவ்வளவு உயரத்தில், சன்னல் எந்தப் பக்கம், புகை எப்படி வெளியே போகும் என்பதையெல்லாம் அதில் சமைக்கப் போகிறவளிடம் யாரும் கேட்டதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டையும் விட்டு இறங்க வேண்டும். அத்தையின் அம்மா அப்படித்தான் சமைத்தார், அவருடைய அம்மாவும் அப்படித்தான். ஆகவே, பிள்ளைகள் சேர்த்து வைத்த பணத்தில் எழுந்த சொந்த வீட்டின் கல்லுக்காக அத்தை அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதை ஆடம்பரம் என்று என்னால் நினைக்கவே முடியவில்லை. மேடை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. அவர் அதை முழுதாகப் பயன்படுத்தினார்.

கல் மதுரைப் பக்கமிருந்து வந்தது. தேசிய நெடுஞ்சாலை 85 தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம் என்று ஏறி மூணாறைத் தொடுகிறது. அந்த வளைவுகளில் கல் பலகைகள் மரச்சட்டத்தில் சாய்த்து நிறுத்தப்பட்டுத்தான் வரும். படுக்க வைத்தால் ஒரு குலுக்கலில் நடுவில் விட்டுவிடும். கல்லுக்கு அழுத்தத்தைத் தாங்கும் வலு பெரிது, வளைவைத் தாங்கும் வலு சிறிது. நிறுத்தினால் தன் எடையைத் தானே சுமந்துகொள்ளும்.

அத்தை முதலில் மனதைக் கொடுத்தது வெள்ளைக் கல்லுக்கு. காஷ்மீர் ஒயிட் என்று உலகமெங்கும் விற்கிறார்கள். வெட்டியெடுப்பது மதுரை மாவட்டத்தில். சாம்பல் பூத்த வெள்ளைத் தளத்தில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். கடுகு அளவில் சில, கொண்டைக்கடலை அளவில் சில. அவை கார்னெட் படிகங்கள். இந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் அண்டார்டிகாவும் ஒரே நிலமாக ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், மதுரைப் பகுதியின் பாறைகள் பூமிக்குள் வெகு ஆழத்தில் 800 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் வெந்தன. பழைய கனிமங்கள் உருமாறின, கார்னெட் பிறந்தது. அது வளர வளரச் சுற்றிலும் இருந்த இரும்பையும் மக்னீசியத்தையும் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. அதனால்தான் பெரிய சிவப்புப் புள்ளிகள் பலவற்றைச் சுற்றி, மற்ற இடங்களைவிட வெளுத்த ஒரு வட்டம் தெரியும். பலகையைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் அந்த வெள்ளை வட்டங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். ஒன்றைப் பார்த்துவிட்டால் பிறகு மற்றவற்றைப் பார்க்காமல் இருக்க முடியாது. அச்சில் வந்த பூவேலைப்பாட்டுக்கு இந்தச் சுகம் கிடையாது. அதில் ஒரு புள்ளி பக்கத்துப் புள்ளியிடமிருந்து எதையும் வாங்கியதில்லை.

கடையில் கிரானைட் என்று சொல்லப்படுபவை எல்லாம் புவியியலாளர் சொல்லும் கிரானைட் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்து நீலச்சாம்பல் பாறை இன்னொரு இனம். எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுக்கம் அதற்கு இயல்பிலேயே உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதியில் கிடக்கும் கல் அந்த இனம்தான் என்று கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதற்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். நம் ஊர்ப் பாறை கப்பலேறிப் போய் ஒரு வெள்ளைக்காரரின் கல்லறையில் பெயர் பெற்றுத் திரும்பியது. கல்லைப் பலகையாக்கி நிறுத்துவதும் இந்த மலைக்குப் புதிதல்ல. மாட்டுப்பட்டியிலிருந்து மலையின் மறுபக்கம் இறங்கினால் மறையூர். அங்கே பெருங்கற்காலத்து முனியறைகள் இருக்கின்றன. பக்கங்களுக்குப் பலகைக் கற்கள், மேலே மூடியாக ஒரு பெரிய பலகை. பாறை எந்தத் திசையில் அடுக்காகப் பிளக்கும் என்று அறிந்த கை செய்த வேலை. மூடிக்கல் சுவர்க்கற்களைத் தாண்டி நாலாபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அங்கே போகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும். மழைநீர் சுவரில் வழியாமல் இருக்க அந்த நீட்டல் எவ்வளவு உதவும் என்பது மேடைக் கல்லின் ஓரத்தை அறிந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

கல் கிடங்கில் அத்தை செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. செம்பு நிறையத் தண்ணீர் வாங்கி, பளபளவென்று நின்ற பலகையின் மேல் ஊற்றினார்.

“பாலிஷ் போட்ட கல்லுக்கு எதுக்குக்கா தண்ணி? தொடைச்சுத்தான வச்சிருக்கு” என்றார் கிடங்குக்காரர்.

“எங்க ஊர்ல இது எந்நேரமும் ஈரத்துலதான கெடக்கப் போவுது, தம்பி. காஞ்ச மொகத்தப் பாத்து நான் என்ன செய்ய?”

தண்ணீர் பட்டதும் கல் தன் குணத்தைச் சொல்லத் தொடங்குகிறது. நூலிழை வெடிப்புகள் கறுத்துத் தெரியும். நீர் உள்ளே இறங்கும் இடம் சில நிமிடங்களில் நிறம் மாறும். எவ்வளவு சீக்கிரம் மாறுகிறதோ அவ்வளவுக்கு எண்ணெயும் மஞ்சளும் உள்ளே போகும். காயும்போது எங்கே கடைசியாகக் காய்கிறது என்று பார்த்தால் பலகையின் பலவீனமான இடம் அகப்படும். அத்தை ஒரு நாணயத்தால் தட்டிக் காதைக் கொடுத்தார். முழுக்கல் கணீரென்னும், உள்ளே விட்ட கல் மந்தமாகச் சொல்லும். பிறகு பலகையின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். பின்புறம் முழுக்க வலை ஒட்டியிருந்தால் அந்தக் கல் தனியாக நிற்கத் தயங்குகிறது என்று பொருள். கடைசியில், விலையைக் கேட்காமல் ஒரு கழிவுத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு மலையேறினார்.

அந்தத் துண்டின் மேல் இரவு முழுக்க நாலு சொட்டு வைத்தார்: கட்டன் சாயா, மஞ்சள் கரைத்த தண்ணீர், தேங்காய் எண்ணெய், குடம்புளி ஊறிய நீர். மாட்டுப்பட்டித் தமிழ் வீட்டு அடுக்களையின் நாலு ஆட்களும் இவர்கள்தாம். காலையில் குடம்புளி ஒரு சுவடும் விடவில்லை. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் நிறைந்த கல்லைப் புளி ஒன்றும் செய்யாது. இதே புளி கடப்பாக் கல்லில் நின்றிருந்தால் பூத்துப்போன வட்டம் விழுந்திருக்கும், பளிங்கிலும் அப்படியே. அவை சுண்ணாம்பின் வழியில் வந்தவை, புளிப்பைக் கண்டால் கரையும். சாயா மெலிதாக ஒரு வளையம் விட்டிருந்தது. மஞ்சள் கழுவியதில் பெரும்பாலும் போய்விட்டது. எண்ணெய்தான் உள்ளே இறங்கி, கல்லை நனைந்தமாதிரி கறுக்க வைத்திருந்தது. கார்னெட்டிலும் கரும் அபிரகத்திலும் இரும்பு இருப்பதால், சிங்க் ஓரத்தில் ஓயாத ஈரத்தில் கிடந்தால் இந்த வெள்ளைக் கல் மஞ்சளாகப் பழுக்கவும் கூடும்.

விரும்பிய கல்லை ஒதுக்கவும் மனமில்லை, அதைத் தண்ணீரில் போடவும் மனமில்லை. அத்தை கண்ட வழி இரண்டு கல். சிங்க் இருக்கும் பக்கத்துக்கும் அடுப்புப் பக்கத்துக்கும் கறுப்பு. சன்னலை ஒட்டிய, நீளம் குறைந்த உலர்மேடைக்கு மட்டும் வெள்ளை; சப்பாத்தி தேய்க்க, காய் ஆய, சாயா டம்ளரோடு நிற்க. அலங்காரத்துக்காக இரண்டு நிறம் கலக்கும் வீடுகள் உண்டு. இங்கே நிறம் மாறும் கோடு ஈரம் நிற்கும் கோடு. வேலை பிரிகிற இடத்தில் கல்லும் பிரிகிறது. இதைவிடச் சரியான காரணம் ஒரு இணைப்புக்கு இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

கறுப்பிலும் தேர்வு இருக்கிறது. ஆந்திரத்தில் ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியில் எடுக்கும் பிளாக் கேலக்ஸி உலகப் புகழ் பெற்றது. கருநிலத்தில் பொன் துகள்களாக மின்னுவது பிராஞ்சைட் என்ற கனிமம். நல்ல வெயில் அடிக்கும் வீட்டில் அது கொண்டாட்டம். மாட்டுப்பட்டியின் வெளிச்சம் வேறு. ஆனி, ஆடி மாதங்களில் பகல் பத்து மணிக்கும் சன்னலுக்கு வெளியே மூடுபனி நிற்கும். எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வரும் அந்தப் பால்வெளிச்சத்தில் பொன் துகள் விழிப்பதே இல்லை. அத்தை எடுத்தது விழுப்புரம் மாவட்டம் குன்னத்துக் கறுப்பு. டோலரைட் இனம், மணி நெருக்கமானது, நீர் இறங்குவது அரிது. அதையும் கண்ணாடிப் பளபளப்பில் எடுக்காமல் லெதர் ஃபினிஷில் எடுத்தார். தூரிகையால் தேய்த்துத் தேய்த்து மென்மையான பகுதிகளைச் சற்றே இறக்கி, கடினமான மணிகளை மேலே நிற்கவிடும் வேலை அது. உள்ளங்கையை வைத்தால் மழமழப்பு இருக்கும், அதற்கடியில் ஒரு மெல்லிய அலையும் இருக்கும். பளபளத்த கறுப்பில் சன்னல் முழுதாகத் தெரிந்து கண் கூசும், ஒவ்வொரு சொட்டும் மாவுத் துகளும் புகார் சொல்லும். இந்தக் கறுப்பில் ஈரம் படிந்தாலும் கல் தன்னிறத்தில்தான் இருக்கிறது.

மதுரையில் இருக்கும் உறவினர்கள் கறுப்புக் கல் வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னதும் அனுபவம்தான். போர் தண்ணீரின் உப்பு கறுப்பில் வெள்ளையாகப் படியும், குழாயடியில் துடைத்து மாளாது. மலையோடைத் தண்ணீர் அப்படிப்பட்டதல்ல, மென்னீர். காய்ந்தால் தடம் இருக்காது. ஒரே கல் சமவெளியில் சுமை, மலையில் சுகம். கல்லைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் எதையும் அந்த வீட்டுத் தண்ணீரைக் கேட்காமல் ஏற்கக்கூடாது என்பது என் கருத்து.

குளிரையும் கேட்க வேண்டும். மாட்டுப்பட்டி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர். தண்ணீர் அங்கே சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி வேகத் தாமதிக்கும். மார்கழி, தை மாத விடியலில் மூணாறுச் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் புல்மேல் உறைபனி பூக்கும். அந்தக் காலையில் கல் மேடை கையிலிருந்து சூட்டை உறிஞ்சும். மரத்தைவிடக் கல் வெப்பத்தைப் பல மடங்கு விரைவாகக் கடத்துகிறது. சப்பாத்தி மாவுக்கு அந்தக் குளிர்ச்சி நல்லது, இட்லி மாவுக்குப் பகை. கல்மேல் வைத்த மாவுப் பாத்திரம் மறுநாள் மதியமானாலும் எழும்பாது. அத்தை அடுப்புக்குப் பக்கத்துச் சுவரோடு, கல்லில் பதியாமல் எடுத்து வைக்கும்படி ஒரு மரப்பலகை செய்துகொண்டார். தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரம். மாவு அதன்மேல் இருக்கிறது, அடுப்பின் மிச்சச் சூட்டில். பலகையின் நாலு மூலையிலும் அடியில் சிறு குமிழ் வைத்துக் கல்லிலிருந்து ஒரு நூல் உயர்த்தியிருக்கிறார்கள். ஈரம் அடியில் தங்காது, காற்று போகும். மண்சட்டிக்குப் புரிமணை. மீன்குழம்புச் சட்டியின் அடியில் ஒட்டிய மண்துகள் எந்தப் பாலிஷையும் கீறிவிடும் என்பதால், சட்டி கல்லில் நேராக உட்காரவே கூடாது.

உயரத்தைப் பற்றி மேஸ்திரியோடு நடந்த வழக்கு நீண்டது. அவர் கைக்கு முப்பத்துநான்கு அங்குலம் பழக்கம். அத்தையின் உயரம் ஐந்தடிக்கும் சற்றுக் குறைவு. நின்று, முழங்கையை மடக்கி, அங்கிருந்து நாலைந்து அங்குலம் கீழே என்பது காய் நறுக்கும் உயரம். ஆனால் அடுப்பின்மேல் பாத்திரம் ஏறும், பாத்திரத்தின் வாய்தான் கை வேலை செய்யும் இடம். ஆகவே அடுப்பு மேடை இன்னும் தாழ வேண்டும். சிங்கிலோ கை உள்ளே இறங்கி அதன் தரையில் வேலை செய்கிறது, அங்கே மேடை உயர வேண்டும். கடைசியில் அடுப்புப் பக்கம் 29 அங்குலம், மற்றவை 33. இந்த நாலு அங்குலப் படியின் முகத்திலும் அதே கறுப்புக் கல்லை நிறுத்தியிருக்கிறார்கள். ஃபிராங்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் வீடுகளுக்கு 1926-இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறையைப் படங்களில் பார்த்திருக்கிறேன். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். சன்னலடியில் வேலைப்பலகை, உட்கார்ந்து வேலை செய்ய ஒரு முக்காலி, காய்கறிக் கழிவைத் தள்ளிவிட ஒரு சிறு இழுப்பறை. கிட்டத்தட்ட பத்தாயிரம் வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். அத்தை அந்தப் பெயரைக் கேட்டதில்லை. அவருடைய சன்னலோர மேடையிலும் கழிவுக்கு ஒரு வழி இருக்கிறது, அதுவும் சன்னலடியில்தான். நாள் முழுக்க நின்று வேலை செய்யும் உடம்பைக் கேட்டுக் கட்டினால் எந்த நாட்டிலும் வெளிச்சத்துக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கிறார்கள்.

மேடையின் அடிப்பகுதியில், தரையை ஒட்டி மூன்று அங்குலம் உள்வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். கால்விரல் நுழைய இடம். இது இல்லாத மேடையில் நிற்கிறவர் முதுகை முன்னே வளைத்தே நிற்க வேண்டும். மூன்று அங்குலம் சுவரை உள்ளே தள்ள ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனாலும் நம் வீடுகளில் அதைப் பார்ப்பது அரிதாக இருப்பது எனக்கு உண்மையில் வருத்தம் தருகிறது.

கல் பதித்த அன்று நானும் அங்கே இருந்தேன். எட்டடிக்கு இரண்டடிக் கறுப்புப் பலகை எண்பது கிலோவுக்கு அருகில் வரும். சிங்குக்கு ஓட்டை வெட்டிய பிறகு முன்பக்கம் மிஞ்சுவது மூன்று அங்குலப் பட்டை. தூக்கும்போது அது ஒடியாமலிருக்க மரச்சட்டம் வைத்துக் கட்டினார்கள். ஓட்டையின் நாலு மூலையிலும் முதலில் துளை போட்டு, பிறகு துளைக்குத் துளை நேராக அறுத்தார் வேலைக்காரர். மூலை உருண்டையாக நின்றது. நேர்மூலையாக வெட்டினால் கல்லின் மேல் வரும் பளுவெல்லாம் அந்தப் புள்ளியில் வந்து குவியும், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். இரண்டு பலகை சேரும் இடத்தை சிங்கிலிருந்து தள்ளி, சுவர் தாங்கும் இடத்தின் மேல் வைத்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்து, சிங்க் பக்கமாக ஒரு நூல் சரிவு விட்டார். “ஒரு நூல் போதும்க்கா. ரெண்டு விட்டா முட்டை உருளும்” என்றார். ஊற்றிப் பார்த்தோம். தண்ணீர் சற்று யோசித்து, பிறகு முழுதாகத் திரும்பி சிங்கை நோக்கி நடந்தது.

அவர் அறுக்கும்போதெல்லாம் உடன்வந்த பையன் வாளுக்கு ஓயாமல் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். வெள்ளைக் கல்லில் குவார்ட்ஸ் அதிகம். அதன் தூசி நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. நம் ஊர்களில் உலர்வாளால் அறுத்து, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தூசிக்குள் நிற்கும் பிள்ளைகளை எங்கும் பார்க்கலாம். குவார்ட்ஸ் தூளையும் பிசினையும் சேர்த்து ஆலையில் வார்க்கும் பலகைகளில் சிலிக்கா இன்னும் மிகுதி. அவற்றை அறுத்த இளைஞர்கள் நோயில் விழுந்ததால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தச் செயற்கைக் கல்லைத் தடை செய்தது. நம் சமையலறைக்கு அது வேறு வகையிலும் பொருந்தாது என்பேன். அடுப்பிலிருந்து இறக்கிய சூடான சட்டியை நேரே வைத்தால் பிசின் கருகி மங்கிப்போகும். மேடைக் கல்லின் நயத்தைப் பேசுகிறவர்கள் அதை அறுத்தவரின் மூச்சையும் சேர்த்துப் பேச வேண்டும். தண்ணீர் விட்டு அறுப்பவருக்கு நாலு காசு கூடக் கொடுப்பதும் தேர்வின் ஒரு பகுதிதான்.

கல்லைக் கொடுக்கும் மலைகளின் கதையும் இருக்கிறது. மதுரைக்குப் பக்கத்து மேலூர் வட்டாரத்தில் கீழவளவு, அரிட்டாபட்டி குன்றுகளில் சமணப் படுக்கைகளும் பழந்தமிழ்க் கல்வெட்டுகளும் உள்ளன. மதுரை மாவட்டத்துக் கிரானைட் முறைகேடுகள் 2012-இல் வெளிவந்து, பிறகு உயர்நீதிமன்றம் அதிகாரி உ. சகாயத்தை விசாரிக்க நியமித்தது. 2015-இல் அவர் அறிக்கை கொடுத்தார். அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இவ்வளவு அழகான கல் ஒரு குன்றிலிருந்து வருகிறது, குன்று திரும்ப வளராது. அத்தையின் வெள்ளை மேடை வேறு யாருக்கோ அறுத்த பெரிய பலகையின் மீதம். கிடங்கின் மூலையில் அப்படிப்பட்ட துண்டுகள் குவிந்து கிடக்கும். நீளம் குறைவு என்பதைத் தவிர அவற்றில் குறையில்லை. கார்னெட் நெருக்கமாக விழுந்த ஒரு துண்டு அங்கே அவருக்காகவே கிடந்தது என்று அத்தை இன்னமும் சொல்கிறார்.

அம்மியைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சமையலறை முழுமையாகாது. லயத்திலிருந்து கூடவே வந்த பழைய அம்மி அது. நடுவில் குழிந்து, குழவியின் இரண்டு முனையும் தேய்ந்தது. வீட்டில் மிக்சி இருக்கிறது. இருந்தாலும் மீன்குழம்புத் தேங்காய் அம்மியில்தான் அரைபடும். அம்மியின் முகத்தை உளியால் கொத்திக் கொத்திப் புள்ளி வைத்திருக்கிறார்கள். அந்தச் சிறு பள்ளங்களின் விளிம்பில்தான் தேங்காய் அறுபடுகிறது. பள்ளம் மழுங்கினால் அரைபடாது, வழுக்கும். மறுபடி கொத்த வேண்டும். பக்கத்தில் நிற்கும் கறுப்பு மேடையில் ஒரு புள்ளி பள்ளம் கூடாது என்று மாதக் கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அம்மியிலோ பள்ளம் போய்விடக்கூடாது என்று பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு கல்லின் அழகு அது செய்யும் வேலையிலிருந்தே புறப்படுகிறது என்பதற்கு இந்த இரண்டும் ஒரே அறையில் சாட்சி. அம்மியை மேடைமேல் ஏற்றவில்லை. குழவியைத் தள்ளும்போது உடம்பின் எடை தோளிலிருந்து இறங்க வேண்டும். மேடை உயரத்தில் வைத்தால் கை மட்டும் உழைக்கும், மணிக்கட்டு நோகும். அடுப்பு மேடையையும்விடத் தாழ்வாக, பின்கதவுப் பக்கம் அதற்குத் தனித் திண்டு கட்டினார்கள்.

அந்தத் திண்டின் மேல்கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சிங்குக்காக வெட்டியெடுத்த கறுப்புத் துண்டு. அதை வேலைக்காரர் ஓரமாகப் போட்டிருந்தபோது அத்தை, “தம்பி, அதுக்கும் சேத்துத்தான காசு குடுத்திருக்கேன்” என்று எடுத்து வைத்துக்கொண்டார். அவரும் சிரித்துவிட்டு, கேட்காமலேயே அதன் நாலு ஓரத்தையும் மேடைக்குப் போட்ட அதே உருட்டில் தேய்த்துக் கொடுத்திருக்கிறார். பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் அந்தத் துண்டின் விலையும் நம் தலையில்தான் விழுகிறது. வீடு கட்டுகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அம்மிக்கு ஆகாவிட்டால் பின்வாசல் படிக்கு ஆகும். படிக்கு வைப்பதானால் பளபளப்பான முகம் கீழே போகட்டும், மழைநாளில் வழுக்காது.